உதடு மரத்துப்போகும் வரை ஜெர்மனி

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்குக் கேட்கக் கிடைப்பதெல்லாம் பாதிப் பேச்சுதான்.

மரத்துப்போகிற ஊசி போட்டால் உதடு தடிக்க ஐந்து பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பது என் வேலை. பேச்சு குழறினால் ஊசி பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும். எங்கள் தாத்தா கதை சொன்னால் முடிவைக் கேட்காமல் தூங்க விடமாட்டார். அப்படி வளர்ந்த எனக்கு, யார் எதைச் சொன்னாலும் ‘ஆனா’ என்ற இடத்தில் எழுந்து போகிற உத்தியோகம்.

முன்பெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசுவேன், கிரிக்கெட் பற்றிப் பேசுவேன். இந்த மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சி, மூன்று வருடம், மாதம் உதவித்தொகை உண்டு. பொத்தேரியில் ஜெர்மன் வகுப்புக்கு ஓடியதன் பலன். மாதக் கடைசிக்குள் வருகிறேனா இல்லையா என்று பதில் போட வேண்டும். செங்கல்பட்டு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவைக் கேட்டால், “உன் இஷ்டம்” என்றாள். அதனால் எங்கள் நாற்காலியில் வாயைத் திறந்தவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். போவதா, இருப்பதா என்று நாலு பேரைக் கேட்டு ஐந்து பதில் வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே உங்களிடம் சொல்லலாம்.

குழாய்த் தண்ணீர்

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். கீழ்வரிசையில் ஒரு பல் பிடுங்க வேண்டும். மகன் ஜெர்மனியில் இருக்கிறான், போன கோடையில் மூன்று மாதம் போயிருந்தேன் என்றார். ஊசி போட்டு டாக்டரம்மா நகர்ந்ததும், அங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டேன்.

பஸ் வருகிற நிமிடம் முன்கூட்டியே தெரியுமாம். நடைபாதையில் மனிதர்கள் நடக்கிறார்களாம். டீச்சரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. திடீரென்று வாடியது. ஏன் என்றேன். உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “குழாயைத் திறந்தா குடிக்கிற தண்ணி வருது தம்பி, அதுலயே பாத்ரூமையும் கழுவுறாங்க, எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, ஆனா...”

அதற்குள் வாய் கோணிவிட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பல்லைப் பிடுங்கியபிறகு பஞ்சைக் கடித்துக்கொண்டு போனவர், மிச்சத்தைக் கையை ஆட்டிச் சொன்னார். நல்லது என்றாரா, வேண்டாம் என்றாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆணி

படாளத்துக்காரர் ஒருவர், பத்து வருடமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை. மூன்று வார லீவில் வந்து, ரூட் கேனாலை இங்கேயே முடித்துக்கொண்டு போகப் பார்த்தார். நான் கேட்டதும், “போகாதீங்க” என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டர் மாட்டச் சுவரில் ஆணி அடித்தாராம். மூன்றாவது அடிக்குள் கீழ்வீட்டுக்காரர் வந்து மணியை அழுத்தி, இன்று ஓய்வுநாள் என்று நினைவூட்டிவிட்டுப் போனாராம். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுமாம். பேச ஆளில்லாமல், ஊரிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு அந்தப் பக்கம் போகிற லாரி ஹாரனைக் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

எனக்கு மனசு லேசானது. போகவேண்டாம், முடிந்தது. சும்மா இருக்காமல், “அப்போ நீங்களும் திரும்பி வந்துடலாமே சார்” என்றேன். “வந்துடலாம் தம்பி, ஆனா என் பொண்ணுக்கு ஏழு வயசு, அங்க தனியா நடந்து ஸ்கூலுக்குப் போறா, இங்க லாரி பறக்கிற ஜிஎஸ்டி ரோட்டை அவ எப்படித் தாண்டுவா?” என்றார். அதற்கு மேல் சொல்ல வந்தது குழறிவிட்டது.

முறுக்கும் துலுக்காணம் அண்ணனும்

இங்க்ரிட் என்ற ஜெர்மன் அம்மா ஒவ்வொரு குளிர்காலமும் மாமல்லபுரத்தில் ரூம் எடுத்துத் தங்குவார். முறுக்கு கடித்துப் பல் உடைந்துவிட்டது. ஆட்டோவில் கூட்டிவந்தவர் துலுக்காணம் அண்ணன். அந்த நாட்டு ஆளே ஒருவர் கிடைத்தாரே என்று, படித்த ஜெர்மனையெல்லாம் திரட்டி, இரண்டு ஊரில் எது நல்ல ஊர் என்று கேட்டேன். “அங்கே எனக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லாச் செலவையும் காப்பீடு பார்த்துக்கொள்ளும், இங்கே எல்லோரும் பார்க்க வந்துவிடுகிறார்கள்” என்றார். இதில் எது நல்லது என்று கேட்பதற்குள் உதடு தொங்கிவிட்டது.

வாசலில் நின்றிருந்த துலுக்காணம் அண்ணன் விடவில்லை. “இன்னா நைனா, அந்தம்மாவையே கேட்டுகினு கீற? அந்த ஊரு நல்லா இருந்தா அது இன்னாத்துக்கு இங்க வருது? இந்த ஊரு நல்லா இருந்தா நம்ம பசங்க இன்னாத்துக்கு அங்க ஓடறானுங்க?” என்றார். தலை சுற்றியது. “உங்கம்மா இன்னா சொல்லுது?” என்று கேட்டார். உன் இஷ்டம் என்கிறாள் என்றேன். அண்ணன் கையிலிருந்த சாவியை ஆட்டுவதை நிறுத்தினார். “அது பேஜாரு நைனா, போவாதேன்னு சொல்லிட்டா சண்ட போட்டுட்டுப் போய்டலாம், இஷ்டம்னுட்டா எப்பிடிப் போவ?”

என் பல்

பதில் போட வேண்டிய கடைசி நாளன்று எனக்கே கடைவாய்ப் பல் வலி. டாக்டரம்மா பார்த்துவிட்டு ஊசியைப் போட்டார். பேச்சுக் கொடுக்க என் சீனியர் செல்வி அக்கா. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். என் உதடு தடித்ததும் அக்கா, “போறதா இருந்தா லெப்ட்டு தூக்கு, இல்லன்னா ரைட்டு” என்றாள். எனக்கே தெரியாமல் இரண்டும் மேலே போய்விட்டன. “டாக்டர், இவன இன்னான்னு கேளுங்க, போலீஸ் புடிச்ச மாதிரி கையத் தூக்கினு கெடக்கறான்!” என்று அக்கா கூவினாள்.

சாயங்காலம் வீட்டில் அம்மா ஆறிய கஞ்சியை முன்னால் வைத்தாள். கன்னம் இன்னும் கட்டைபோல இருந்தது. போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் எதுனா சொன்னா நீ உடனே ‘சரிம்மா, போகல’ன்னுடுவ. அதான் வாயத் தொறக்காம இருந்தேன். இப்ப உன்னால பேச முடியாதுல்ல, கேளு. நீ போறது எனக்குப் புடிக்கல. நீ இங்கயே கெடக்கறதும் புடிக்கல. ரெண்டுத்துல புள்ளைய அனுப்பிட்டு அழறதே எனக்குத் தேவலாம். போய்ட்டு வா.”

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கஞ்சிதான் வழிந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். வருகிறேன் என்று பதில் அனுப்பினேன்.

இரண்டு நாட்டைப் பற்றியும் இந்த மாதம் நான் கேட்ட பேச்சில் முழுசாக முடிந்தது, செங்கல்பட்டைத் தாண்டாத அம்மாவின் பேச்சு ஒன்றுதான், அதுவும் மரத்துப்போயிருந்தது என் உதடு என்பதால்.