சிவப்புப் பென்சில் குறி

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் வந்தால் அந்த இரும்பின் போட்டோவைக் காட்டுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, கரண்ட் போன நேரம் என்று நினைத்தவள்தான் நானும். எனக்கு நடந்தது காலை பத்து மணிக்கு. நல்ல வெயில். நான் கோபத்தில் இருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மாடி ஏற முடியாது. அதனால் சமையலறைக்குப் பின்னால் குளியலறையோடு ஓர் அறை கட்டினோம். பழைய பின்சுவரை இடித்துவிட்டு, மாடியைத் தாங்க அங்கே ஓர் இரும்பு பீம் போட்டார்கள். அம்மா இருந்த மறுவாழ்வு இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கட்டட அலுவலகத்தின் இறுதிச் சான்றிதழ் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால், மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறொரு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனால் அம்மா பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கட்டட இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் பென்சில்காரர். காதில் எப்போதும் தடித்த சிவப்புப் பென்சில் ஒன்று. அதன் பின்பக்கத்தால் எதையும் மூன்று முறை தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். திருப்தி என்றால் அந்த இடத்திலேயே ஒரு டிக் போட்டுத் தேதி எழுதுவார். இல்லையென்றால் பெருக்கல் குறி. அஸ்திவாரத்தில் டிக். கழிவுக் குழாயில் டிக். அதன் பிறகு பீமைப் பார்க்க வேண்டிய வாரம் அவருக்கு லீவு.

பீமை மூடி சீலிங் போடுகிற ஆள் அன்றைக்கு விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இன்ஸ்பெக்டர் பாக்காம மூடக் கூடாதும்மா."

"மூடுங்க. நான் பேசிக்கிறேன்," என்றேன்.

ஆறு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, இறுதிச் சோதனை. புகை அலாரம் சரி. ஜன்னல் சரி. குளியலறைக் கைப்பிடி சரி. பென்சில்காரர் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"பீமை நான் பாக்கலையே. யாரு மூடச் சொன்னா?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"இவங்கதான் அவசரப்பட்டு மூடிட்டாங்க," என்றேன்.

"பிரிங்க. பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

பூசி, வண்ணம் அடித்து, கட்டில் வந்து, மெத்தை விரித்து முடிந்த அறை. மாதக் கடைசிக்கு இருப்பது ஒன்பது நாள். பொய் சொன்னவளுக்குத்தான் கோபம் அதிகம் வரும் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன். தினமும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் கணவர் பக்கத்தில் நின்று, "அவர் பென்சிலைவிட நீதான் கூரா இருக்க," என்றார். சிரிப்பு வரவில்லை.

வியாழன், மாலை நாலு நாற்பது.

"பிரிச்சீங்களாம்மா?" என்றார் பென்சில்காரர்.

"நீங்க செத்துப் போய் வந்து கேட்டாலும் பிரிக்க மாட்டேன்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்... பிறகு மெதுவாக, "நாளைக்கு வர்றேம்மா," என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. பத்து மணி பத்து நிமிடம். கணவர் வேலைக்குப் போய்விட்டார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னறையில் சத்தம்.

டொக்... டொக்... டொக்.

எட்டிப் பார்த்தேன். பென்சில்காரர். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், எனக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அழைப்பு மணி அடித்ததாக நினைவில்லை. குழாய்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்காமல் உள்ளே வந்த திமிர்தான் எனக்கு உறைத்தது.

"வந்துட்டீங்களா? நல்லாப் பாருங்க. எங்கேயாவது விரிசல் இருக்கா?"

அவர் திரும்பவில்லை.

காதில் பென்சில் இல்லை. கையிலும் இல்லை.

"கையெழுத்துப் போட ஃபார்ம் கொண்டு வர்றேன்," என்று கூடத்துக்குப் போனேன். மேஜை இழுப்பறையில் ஃபார்ம் இருந்தது. எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

டொக்... டொக்... டொக்.

சத்தம் இப்போது சுவரிலிருந்து வரவில்லை.

மேலிருந்து வந்தது.

சீலிங்குக்கு உள்ளேயிருந்து...

இரும்பைத் தட்டுகிற சத்தம்.

"போதும். வெளிய போங்க," என்று கத்தினேன்.

சத்தம் நின்றது.

ஓடி வந்து பார்த்தேன். அறை காலி.

பின்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வாசலுக்குப் போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கட்டிலைப் பார்த்தேன். தலையணையில் மட்டும் வெள்ளைத் தூசி. வேறெங்கும் ஒரு துளி இல்லை.

பத்து இருபத்திரண்டு.

நான் செய்தது புகார் சொல்லப் போன் எடுத்ததுதான். "உங்க இன்ஸ்பெக்டர் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குள்ள வர்றார்."

அலுவலகப் பெண், "எந்த இன்ஸ்பெக்டர் மேடம்?" என்றாள். சொன்னேன்.

"அவர் நேத்து சாயங்காலம் தவறிட்டார் மேடம். நாலே முக்காலுக்கு. மேஜையிலேயே சாஞ்சுட்டார். கையிலிருந்த ரிசீவரைக்கூட வைக்கல."

பிரித்தேனா? இல்லை. செத்தும் பிடிவாதமா என்றுதான் நினைத்தேன். பயந்தவளுக்கு அப்படியொரு கோபம் வரும் என்று யாராவது சொன்னால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

புதன்கிழமை வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். அலாரத்தை அமுக்கினார். ஜன்னலைத் திறந்து மூடினார். பீமைப் பற்றிக் கேட்கவே இல்லை. பென்சில்காரர் திங்கட்கிழமைக் குறிப்பை ஃபைலில் ஏற்றுவதற்கு முன்பே போய்விட்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம். கையெழுத்து. சான்றிதழ் என் கையில். சனிக்கிழமை அம்மா வருவதாக முடிவானது.

அந்தப் புதன்கிழமை மாலை புது உறை மாட்டிய தலையணையைக் கட்டிலில் வைத்தேன். சமையலறைக்குப் போய்த் திரும்பினேன். உறை மேல் வெள்ளைத் தூசி.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "பிரிங்க," என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜிப்சம் போர்டைக் கழற்றினார். ஏணியில் நின்றவர் அப்படியே நின்றார். பீமின் ஒரு முனை சுவரில் ஆறு அங்குலமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலம்தான் இருந்தது. அடியில் செங்கல் நொறுங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே அம்மாவின் தலையணை.

"சரியா உக்காரலைன்னு அன்னிக்கே தோணுச்சு. நீங்கதாம்மா..." கையை உள்ளே நீட்டித் தூசியைத் தள்ளினார்.

"இதப் பாருங்கம்மா," என்றார் பிறகு.

நானும் ஏணியில் ஏறினேன். இரும்பின் மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் தேதி. அவருடைய கையெழுத்துதான். ஆறு வாரமாக மூடியிருந்த இடம்.

தேதி, போன வெள்ளிக்கிழமை.

போட்டோ எடுத்துக்கொண்டேன். இரவு பகலாக வேலை நடந்தது. பீமுக்கடியில் கான்கிரீட் கட்டை வைத்து, முனையை ஒழுங்காக உட்கார வைத்தார்கள். புதிய இன்ஸ்பெக்டரைத் திரும்ப வரவழைத்துக் காட்டினேன். "இப்ப சரியா இருக்கு," என்றார். சீலிங்கைத் திறந்தே விட்டேன், ஒரு டிக் வருமா என்று. வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூடினோம். அம்மா வந்தாள். தூசி இல்லை, சத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம். அதுவரை அம்மாவின் வாயிலிருந்து 'ம்' தவிர எதுவும் வந்ததில்லை. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்பூனை விலக்கினாள். தெளிவாக, ஒரு குளறல் இல்லாமல் கேட்டாள்.

"யாரு மூடச் சொன்னா?"

"என்னம்மா?"

அவள் கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால், சற்று மேலே இருந்தது.

"நான் இல்லடி... அவர் கேக்கறார்."

மணி நாலு நாற்பது.

அந்தக் கேள்வி காதில் விழுந்தவர்கள் இரண்டே பேர். மேஸ்திரியிடம் கேட்டேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றார். அவர் அம்மாவைப் பார்த்ததே இல்லை. மற்றவள் நான்.

இப்போதெல்லாம் அம்மா அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தினமும் சொல்கிறாள். பேச்சு திரும்புகிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். அந்த நேரத்தில் நான் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே கழுவுகிறேன். பதில் ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.