ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

கார் சீட் தைக்கும் ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் கிரேசி பன்னிரண்டு வருடம் தட்டு கழுவினாள். சேரப்பணஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரகடம் வருவாள். ஒரு ஷிப்டுக்கு எழுநூறு தட்டு. சோப்புத் தண்ணீர் அவள் கைகளைத் தின்றுவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் நீர். ரசம் ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நன்மை அப்பம் வாங்கும்போது சாமியார் முன்னால் கையை நீட்டக் கூசி, வாயைத்தான் திறப்பாள்.

போன ஜூன் மாதம் கேண்டீனுக்குப் பின்னால் பெரிய தொட்டி ஒன்றை வைத்தார்கள். வைத்தவள் கனிஷ்கா, கோவில்பட்டிப் பெண். பயோடெக் படித்துவிட்டு ஒரு சின்ன கம்பெனியில் வேலை, குன்றத்தூரில் ஹாஸ்டல் வாசம். மிஞ்சின சோறு, காய்கறிக் கழிவு, பக்கத்துச் சிப்ஸ் கம்பெனி கழிக்கும் உருளைக்கிழங்குத் தோல் எல்லாவற்றையும் அரைத்துத் தொட்டியில் விட வேண்டும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடும். அந்த வாயுவில் கேண்டீனின் இரண்டு அடுப்பு எரியும். மிஞ்சும் கரைசல் தோட்டத்துக்கு உரம். நவம்பர் கடைசியில் தொழிற்சாலை அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். இரண்டு அடுப்பும் எரிந்தால் தொட்டி நிரந்தரம், எரியாவிட்டால் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டபோது நாற்றத்துக்குப் பயந்து ஒருத்தரும் வரவில்லை. முழங்கை வரைக்கும் கையுறை உண்டு என்று கனிஷ்கா சொன்னாள். அடுத்த நிமிஷம் கிரேசி முன்னால் போய் நின்றாள். அறிவியல் ஆர்வம், சுற்றுச்சூழல் அக்கறை என்று யாராவது அவளைப் பற்றி எழுதினால் நம்பாதீர்கள். கையுறைக்காகத்தான் போனாள். இரண்டே மாதத்தில் கை ஆறிவிட்டது.

ஆனால் போன பிறகு தொட்டியின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கனிஷ்கா பேனா மாதிரி ஒரு கருவியை முக்கிப் புளிப்பை அளப்பாள். கிரேசி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். சாண வாசனை வந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது. புளித்த காடி வாசனை வந்தால் தீனி அதிகம், தோலைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் கருவியும் மூக்கும் ஒன்றையே சொல்லும்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கனிஷ்கா லீவில் ஊருக்குப் போயிருந்தாள். தொழிற்சாலை முழுக்கக் கழுவித் துடைத்து, தையல் மிஷினிலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் பொட்டு வைத்தார்கள். தொட்டியின் வாயில் மட்டும் சோற்றுப் பருக்கையும் தோலும் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி பார்த்துக்கொள்கிற இடம், அதனால்தான் இப்படி என்று நாலு பேர் சொல்லிவிட்டால்? விடுவாளா கிரேசி? பாத்திரம் கழுவும் கிளியம்மாளிடம்தான் ஸ்டோர் சாவி இருக்கும். அவள் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கோலம் போடப் போயிருந்தாள். கிரேசி உள்ளே போய் ஐந்து லிட்டர் கேன் பினாயிலையும் ஒரு பை பிளீச்சிங் பவுடரையும் எடுத்து வந்தாள். தொட்டி வாயைத் தேய்தேய் என்று தேய்த்தாள். கழுவின தண்ணீர் முழுக்க உள்ளே போனது. கடைசியில் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாள். கோவில்பட்டியிலிருந்து “சூப்பர்க்கா” என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் அடுப்பில் நீலச் சுடர் மஞ்சளாகியது. ஐந்தாம் நாள் பற்றவே இல்லை.

ஊரிலிருந்து வந்த கனிஷ்கா மூடியைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தாள். “ஆஸ்பத்திரி வாடை அடிக்கு. யாரோ பினாயில ஊத்தியிருக்காங்கக்கா.”

“ஊத்துனா இன்னா ஆவும் பாப்பா?”

“உறைமோர்ல டெட்டால ஊத்துனா பால் தோயுமா? உள்ள இருக்கதெல்லாம் செத்துப்போச்சுக்கா.”

நான்தான் என்ற வார்த்தை கிரேசியின் வாய்வரை வந்தது. சொன்னால் மறுபடியும் அந்த எழுநூறு தட்டு. வாயை மூடிக்கொண்டாள்.

கேண்டீன் மேனேஜர் சாம்ராஜ் ஸ்டோரைப் போய்ப் பார்த்தார். ஒரு கேன் குறைந்தது. சாவி கிளியம்மாளிடம், வேறென்ன விசாரணை வேண்டும்?

“நாளைலேர்ந்து நீ வராத,” என்றார்.

“நா ஊத்தல சார். சத்தியமா எனக்குத் தெரியாது சார்,” என்று கிளியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். கிரேசியின் பழைய கைதான் அது, அதே வெடிப்பு, அதே நீர். கிரேசி தலையைக் குனிந்துகொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை சாம்ராஜ் வண்டியை நிறுத்துவதற்குள் எதிரே போய் நின்றாள்.

“சார், பினாயில் ஊத்துனது நானு. பூஜைக்கு அழகா இருக்கட்டும்னு கழுவுனேன். கிளியம்மாள இட்டாந்துடுங்க சார்.”

சாம்ராஜ் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். “நேத்து இன்னா பண்ணிக்கினு இருந்த?”



கிளியம்மாளைக் கூப்பிட்டுத் தொட்டி வேலையில் விட்டார். கிரேசியைத் தட்டு கழுவ அனுப்பினார். கனிஷ்கா கெஞ்சிப் பார்த்தாள், மனுஷன் மசியவில்லை. சேரப்பணஞ்சேரியில் மாடு வைத்திருக்கும் வீடுகளில் சொல்லி டிரம் டிரம்மாகச் சாணம் வரவழைத்துக் கொடுத்தது மட்டும் கிரேசி. கனிஷ்கா தொட்டியில் பாதியை வெளியேற்றிவிட்டு, சாணத்தைக் கரைத்து ஊற்றி, தீனியை நிறுத்திக் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு வாளியாக ஆரம்பித்தார்கள்.

முதல் இரண்டு வாரம் கிளியம்மாள் தினமும் மத்தியானம் கிரேசி தட்டு கழுவும் இடத்துக்கு வந்து நிற்பாள்.

“யக்கா, எனக்கு எல்லாம் ஒரே நாத்தமாத்தான் கீது. வந்து மோந்து சொல்லேன்.”

கிரேசி ஈரக் கையோடு போய் மோந்து பார்த்துச் சொல்லிவிட்டு, குவிந்த தட்டுகளுக்குத் திரும்புவாள். மூன்றாம் வாரத்திலிருந்து கிளியம்மாள் வரவில்லை. வேலை அதிகம்போல என்று கிரேசி நினைத்துக்கொண்டாள். தட்டு கழுவிக் கழுவி கிரேசியின் விரலிடுக்கு மறுபடியும் வெடித்திருந்தது.

நவம்பர் கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு அடுப்பும் நீலமாக எரிந்தன. போட்டோ எடுத்துக்கொண்டு, வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தொட்டி நிலைத்துவிட்டது.

சந்தோஷத்தில் சாம்ராஜுக்கு மனசு இளகிவிட்டது. “கிரேசிம்மா, நீங்க தொட்டிக்கே போங்க. கிளியம்மா, நீ பழைய எடத்துக்கு வந்துரு,” என்றார், ஏதோ எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்கிற மாதிரி.

கிளியம்மாள் கையுறையைக் கழற்றினாள். ஐந்து வாரத்தில் அவள் கை ஆறியிருந்தது. விரலிடுக்கில் புதுத் தோல் வந்திருந்தது. கிரேசி அதைப் பார்த்தாள். அவளே இருக்கட்டும் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கையுறைக்குள் இன்னும் சூடு இருந்தது.

நாலு அடி போன கிளியம்மாள் திரும்பினாள்.

“யக்கா, இன்னிக்கு உருளத் தோலு கம்மியா போடு. காலைலேர்ந்து லேசாக் காடி வாசன வருது.”

கிரேசி மூடியைத் திறந்து குனிந்து மோந்தாள். கிளியம்மாள் சொன்னது சரிதான்.