கலீலுர் றஹ்மான் கண்டம் பண்ணிய அரிசி

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனபோது எதையெதைக் கப்பலில் ஏற்றினான் என்பதைப் படித்தவர்கள் எழுதட்டும். எதை மறந்து விட்டுப் போனான் என்பதைப் பதிவு செய்ய இதுவரை ஒருவரும் இல்லை. பெரியகடைப் பக்கத்து வீடொன்றின் சாமான் அறையில் அவன் ஒரு கடற்படைச் சட்டத்தை விட்டுப் போனான். அதைப் பதினேழு வருடம் தனியாளாக நின்று அமுல்படுத்தியவர் கலீலுர் றஹ்மான்.

கடற்படைப் பண்டகசாலையில் அவர் உணவுச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு பொருள் பாவனைக்கு உதவாது என்று தீர்ப்பாவதை அங்கே கண்டம் பண்ணுவது என்பார்கள். கோதுமை மா மூட்டையில் ஒரே ஒரு வண்டு தென்பட்டால் போதும். துரை வந்து பார்ப்பார், மூட்டையின் மேல் வெண்கட்டியால் குறுக்குக் கோடு விழும், மூட்டை கடலுக்குள் போகும். மூட்டைக்கு மேன்முறையீடு கிடையாது.

துரைமார் போனார்கள், கலீலுர் றஹ்மானுக்கு ஒரு இரும்புக் கடையில் ஆணியும் பூட்டும் விற்கிற வேலை கிடைத்தது. ஆணியில் வண்டு வராது. ஆகவே அவருடைய திறமை முழுவதும் வீட்டுக்குத் திரும்பியது. மாதத்தில் முதல் வெள்ளி, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும், சட்டையைக் கழற்றாமலே டோர்ச் லைட்டோடு சாமான் அறைக்குள் நுழைவார். அலுமாரிக் கால்கள் நிற்கிற தண்ணீர்க் கிண்ணங்களில் எறும்பு நீந்துகிறதா என்று பார்ப்பார். பருப்புப் பேணியைக் குலுக்கிக் காதில் வைப்பார். பயற்றில் ஓட்டை கண்டால் கண்டம். மாவில் அந்துப்பூச்சியின் நூல் கண்டால் கண்டம். மனைவி சுபைதா ஒவ்வொன்றுக்கும் ஓம் என்பாள். கோடு விழுந்த பேணியை எடுத்துக்கொண்டு பின்கதவால் போவாள். பின்கதவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. துரையும் கேட்டதில்லை.

எழுபத்துநாலில் மகள் றஹ்மாவுக்குக் கிண்ணியாவில் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளையின் தகப்பன் முத்தலிப், சொந்த வயலில் நெல் விளைவிக்கிறவர். நாள் குறிக்கப் போன அன்று, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கை வைக்கும் சஹன் சாப்பாடு. அந்தச் சஹனில், தன் பக்கத்தில், கலீலுர் றஹ்மான் ஒரு வண்டைக் கண்டார். வேறொருவர் அதைச் சோற்றோடு தள்ளி மறைத்திருப்பார். இவர் அதை விரலால் எடுத்துச் சஹனின் விளிம்பில் எல்லோரும் பார்க்க வைத்து, முத்தலிப் முகத்தைப் பார்த்தார்.

“சம்மந்தி, குறை நினைக்கப்படாது. இந்த அரிசி கண்டம்.”

மற்ற ஐந்து கைகளும் நின்றன. முத்தலிப் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கல்யாணத்துக்கு வருகிறபோது உங்கள் வீட்டுச் சோற்றையும் பார்ப்போமே என்று மட்டும் சொல்லி, கை கழுவத் தண்ணீர் கேட்டார். சம்பந்தம் உடையாமல் நின்றது உள்ளே பெண்கள் பேசிய பேச்சால்தான்.

அது அரிசி கிடைக்காத காலம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை. வீதியில் மறித்துப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். சங்கக் கடையில் கூப்பனுக்குத் தருவதில் கல்யாணம் நடத்தேலாது. நல்ல வேளையாகத் தடை இறுகுமுன் தம்பலகாமத்து வயற்காரர் தவராசாவிடம் இரண்டு மூட்டை நாட்டரிசி வாங்கியாகிவிட்டது. இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டு, வேப்பிலையும் செத்தல் மிளகாயும் கலந்து வைப்போம் என்றாள் சுபைதா. வெயிலில் போட்டால் தூசு, கோழி, காகம் என்று அவர் விளக்கினார். அரிசி நேரே தேக்கம் பெட்டகத்துக்குள் போயிற்று. மூடியின் ஓரமெல்லாம் அரக்கு உருக்கி ஊற்றினார். அதன் மேல் தன் மோதிரத்தால் முத்திரையும் குத்தினார். எதிரி ஏற்கெனவே முட்டையாக உள்ளே இருந்ததைச் சட்டம் கவனிக்கவில்லை. கோட்டையைப் பூட்டி, எதிரிக்கே மூன்று மாத உணவும் கொடுத்தாயிற்று.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்க, காலையில் பெட்டகத்தைத் திறந்தார். மேலரிசி நடந்துகொண்டிருந்தது. கலீலுர் றஹ்மானின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போனது, வெண்கட்டியை எடுத்தது, பெட்டகத்தின் நெற்றியில் குறுக்குக் கோடு கீறியது. கீறி முடித்த பிறகுதான், கண்டம் பண்ணியது மகளின் கல்யாணத்தை என்று அவருக்கு விளங்கியது. வேறு அரிசி வாங்க வழியில்லை. கிண்ணியாவிலிருந்து எண்பது பேர் வருவார்கள், முன்னால் முத்தலிப் வருவார். றஹ்மா வாசலில் நின்று பெட்டகத்தைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், உள்ளே போனாள். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

சுபைதா மட்டும் உட்காரவில்லை.

“இஞ்ச பாருங்க, எழும்புங்க. வெளி முத்தத்தில பாயை விரிங்க.”

“கண்டம் பண்ணின அரிசியை ஆக்கேலாது, சுபைதா.”

“பதினேழு வருஷமா அதைத்தானே ஆக்கிறன். அதைத் திண்டுதானே நீங்க இப்பிடி இருக்கிறீங்க.”

கலீலுர் றஹ்மான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். சாட்சி உருண்டையாக, மறுக்க முடியாதபடி அங்கே இருந்தது. மறுவிசாரணை அத்துடன் முடிந்தது. அவர் எழுந்து பாய் எடுக்கப் போனார்.

ஐந்து பாய் விரிந்தது. பக்கத்து வீட்டுக் கனகம்மா அரிசி புடைக்கத் தன் சுளகோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு வீட்டுச் சுளகுகள் வந்தன. வைகாசி வெயில். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வேறு. வெயில் சுட்டதும் வண்டுகள் பாயின் ஓரத்துக்கு ஓடின. ஓரத்தில் சுபைதாவின் கோழிகள் காத்திருந்தன. துரைமார் அத்தனை வருடம் கடலில் கொட்டியது எவ்வளவு முட்டைக்குச் சமம் என்று அவர் யோசித்திருக்கக்கூடும். உதவி செய்யலாம் என்று கிட்டப் போனபோது கனகம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“தள்ளி நில்லுங்கோ நானா. உங்கட நிழல் அரிசியில விழுது.”

அவருக்கு ஒரு ஈர்க்குக் கட்டு கொடுத்துக் காகம் துரத்த விட்டார்கள். அரச பண்டகசாலையைக் காத்தவர் அந்தப் பதவியை மனமார ஏற்றுக்கொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம், வருகிறவர்களின் தொகையைச் சொல்ல என்று முன்னறிவிப்பில்லாமல் படலையைத் திறந்து வந்து நின்றவர் முத்தலிப். முற்றம் முழுவதும் அரிசி. நடுவே ஈர்க்குக் கட்டோடு சம்பந்தி. மறைக்க ஒரு சாக்குத் துண்டுகூட அருகில் இல்லை. கலீலுர் றஹ்மான் மறைக்கவும் பார்க்கவில்லை.

“சம்மந்தி, எங்கட அரிசியிலயும் வண்டு. அண்டைக்கு நான் சொன்னது பிழை.”

சுளகுகள் நின்றன. முத்தலிப் குனிந்து ஒரு பிடி அரிசி எடுத்தார், மணந்தார், இரண்டு மணியைக் கடித்தார்.

“தம்பலகாமத்து அரிசியா?”

“ஓம்.”

“சோக்கான அரிசி. இதை விட்டுட்டு வண்டு பின்ன எங்க போற?”

செருப்பைக் கழற்றினார். சாரத்தை மடித்துக் கட்டினார். நெல் காயப் போடுகிறவர்கள் செய்வதுபோலப் பாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலால் அரிசியைச் சால் சாலாகக் கோலிக்கொண்டே நடந்தார். அடியரிசிக்கு வெயில் படாவிட்டால் திரும்பவும் வரும் என்று சொல்லி, சம்பந்தியையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு சம்பந்திமாரும் அடுத்தடுத்த பாயில் காலை இழுத்து இழுத்து நடந்ததைத் தெரு முழுவதும் வேலிக்கு மேலால் பார்த்தது. தேநீர் கொண்டு வந்தவள் றஹ்மா. அவள் சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. அரிக்கன் சட்டியில் மூன்று தண்ணீர் அரித்து ஆக்கிய சோறு, சஹன் சஹனாகப் பந்திக்கு வந்தது. மிச்சம் வைக்காமல் எண்பது பேரும் எழுந்தார்கள். கடைசிப் பந்தியில் உண்ட கலீலுர் றஹ்மான் விரல்களை நக்கி முடித்து, உரத்த குரலில் அல்ஹம்துலில்லாஹ் என்றார். சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் அதைச் சுபைதா சோறு ஆக்குகிற குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, கேட்டதா என்று பார்க்கிறவர்போல அப்படியே இருந்தார்.

குசினிக்குள்ளிருந்து இன்னும் ஒரு அகப்பைச் சோறு வந்தது.