கழுத்தளவு தண்ணீரில் நின்ற ராணி

எனக்கு எழுத வராது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. முன்பின்னாக எழுதியிருந்தாலும், பாதி மறந்திருந்தாலும் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்குக் கல்கத்தாவில் வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை. காளிகாட்டில், ஆதிகங்கை ஆற்றை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். சந்துக் கோடியில் ஒரு ஜமீன்தாரின் பழைய வீடு. அதில் நாடகப் பள்ளிக்கூடம் நடந்தது. முதலில் தன் வீட்டுப் பூஜைக்கென்று நாடகம் போட்டாராம். அப்படியே பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் இடமாகிவிட்டது. அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. பெண் வேஷமெல்லாம் மீசை முளைக்காத பையன்களுக்குத்தான். வரப்போகும் துர்கா பூஜைக்கு என் அண்ணாதான் ராணி. வேறு எதிலும் அவனுக்கு மனசு போகவில்லை.

புடவையில் நடக்க, தலைப்பை இழுத்துவிட, அடிபடாமல் மயங்கி விழ, எல்லாம் பழக்குவார்கள். குரல் பழக மட்டும் ஆற்றுக்குப் போக வேண்டும். விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, எதிர்க்கரைக்குக் கேட்கும்படி வசனம் சொல்ல வேண்டும். சற்றுத் தள்ளிச் சுடுகாடு. அந்தப் புகை தண்ணீரின் மேலேயே தவழ்ந்து வரும். அண்ணா அதை விழுங்கி விழுங்கிப் பேசுவான். நான் மொட்டை மாடியில் நின்று கேட்பேன்.

நாடக வாத்தியார் கோடையிலும் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருப்பார். அவர் பேசினால் காற்றுதான் வரும்.

"அவருக்கே குரலைக் காணோமேடா?" என்று அம்மா கேட்டாள்.

"அவரும் சின்ன வயசுல ராணி வேஷம் போட்டவர்தாம்மா" என்றான் அண்ணா, பெருமையாக.

மழைக்காலத்தில் அவனுக்குக் குரல் உடைந்தது. கூடப் படிக்கும் வங்காளிப் பையன்கள், "ராணியம்மா இன்னிக்கு ராஜா குரல்ல அழறாளே!" என்று சந்தெல்லாம் கேலி செய்தார்கள்.

"வயசு வந்தா உடையத்தான் செய்யும். கொஞ்ச மாசம் வாயை மூடிண்டு சும்மா இரு" என்றாள் அம்மா.

"அதுக்குள்ள பூஜை போயிடுமேம்மா!"

வாத்தியார் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "பயப்படாதே கோகா. இன்னும் நேரம் கூட்டி நில்லு. கத்தக் கத்தப் பழைய குரல் திரும்பிடும்" என்று வங்காளியில் காற்றாகச் சொல்லிவிட்டுப் போனார். கோகா என்றால் அவர்கள் பாஷையில் பிள்ளை.

அண்ணா இருட்டோடு போய் நின்றான். நாளுக்கு நாள் மாடிக்கு எட்டும் சத்தம் மெலிந்தது. ஒருநாள் காலையில் ஒன்றுமே கேட்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

நாங்கள் போனபோது அண்ணா தண்ணீரில் நின்றிருந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. படியில் உட்கார்ந்திருந்த வாத்தியார், 'இன்னும், இன்னும்' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்நிய ஆண்கள் எதிரில் நிற்கவே கூசும் என் அம்மா, கட்டிய புடவையோடு இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ராணிக்கு நான் யாரிடம் போவேன்?" என்றார் வாத்தியார்.

"நீங்களே போய் நில்லுங்கோ!" என்று அம்மா தமிழிலேயே கத்தினாள்.

பூஜைக்கு வேறொரு பையன் ராணியானான். அண்ணாவுக்குக் குரல் திரும்பவே இல்லை. பிற்பாடு ஆபீஸில் அவனிடம் பேசுகிறவர்கள் வாயருகே காதைக் கொண்டுபோவார்களாம்.

பள்ளிக்கூடத்தை எப்போது மூடினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாவுக்குப் பிறகும் பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் நிறுத்தினார்களா? காளிகாட்டுப் பக்கத்து மனிதர்கள் யாராவது விசாரித்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்துங்கள்.