கவிழ்த்து வைத்த அம்மி

பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே இரும்பைக் கடையும் சத்தம். மேலே நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ வெளிநாட்டில் யாரோ பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்போம். காலடியில் பெடல் ஒன்று இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பெரும்பாலும் அமெரிக்க டாக்டர்கள்தான் பேசுவார்கள். யாருக்கோ எந்த மூட்டிலோ வலி என்று நாள் முழுக்கக் கேட்டதில் எனக்கே மூட்டு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய மறு வருஷம் அது. ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில் பூர்வகுடிகள் சிலர் தங்கள் குடியிருப்பின் கதையைச் சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள். அது எப்படியோ கைமாறி எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தது. மற்றவர்கள் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அந்த ஜனங்கள் பேசும் இங்கிலீஷ் தனி. டீம் லீடர் நேரே என்னிடம் வந்தார்.

"தங்கவயல் ஆளுங்களுக்கு எந்த இங்கிலீஷும் அர்த்தமாகும்மா. இத நீயே மாடிடு" என்றார். அவர் கன்னடக்காரர், தமிழ் பேசினாலும் பாதி கன்னடம்தான், 'மாடு' என்றால் செய். வெள்ளைக்காரன் தோண்டிய ஊரில் பிறந்தது ஒரு தகுதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பேசியவர்களில் ஒரு கிழவி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் கரகரவென்று இருக்கும். பேச்சுக்கு நடுவே காற்று புகுந்து மைக்கில் உறுமும். எங்கள் ஊரில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து இறங்கும் காற்றும் இப்படித்தான் உறுமும் என்று நினைத்துக்கொள்வேன். அவள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் ஒரு நீர்ச்சுனையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து வாழ்ந்தவர்கள். கொடும் பஞ்சத்தில் ஒரு நாள் அரசாங்க லாரி வந்தது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டுபோய், வெகுதூரத்தில் பாதிரிமார் நடத்திய ஒரு குடியிருப்பில் இறக்கிவிட்டது. லாரியில் ஏறும் முன் அவளுடைய அம்மா, விதை அரைக்கும் கல்லைத் தரையில் கவிழ்த்து வைத்தாளாம். லாரிக்காரன் சிரித்தானாம், இந்தப் பொட்டல்காட்டில் கல்லை யார் திருடப் போகிறார்கள் என்று. திருட்டுக்குப் பயந்து அல்ல, திரும்பி வருகிறவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டுப் போவார்கள் என்றாள் கிழவி.

அம்மாக்காரி அந்தக் குடியிருப்பிலேயே செத்துப்போனாள். மகளுக்கு நரை விழுந்த பிறகு, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓட்டை வண்டி ஒன்றில் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டார்கள், தகரக் கூரை போட்டார்கள். இத்தனை சின்ன கூட்டத்துக்கு இத்தனை தூரத்தில் பள்ளிக்கூடம் எதற்கு, நர்ஸ் எதற்கு என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் நகரவில்லை. வந்து இறங்கிய மறுநாள் காலையில் அம்மாவின் கல்லைத் தேடிச் சுனைப் பக்கம் நடந்தேன் என்று கிழவி சொல்லும் இடத்தில் அந்தப் பகுதி முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அடுத்த பகுதியை நாளைக்குக் கேட்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பகுதி என் கம்ப்யூட்டரில் இல்லை. கிழவி இறந்துவிட்டாள் என்று அங்கிருந்து தகவல் வந்திருந்தது. செத்தவர்களின் பெயரை அவர்கள் சொல்வதில்லை, குரலைக் கேட்பதில்லை. குடும்பத்தார் சரி என்று சொல்லும்வரை யாரும் அதைத் திறக்கக் கூடாது. டீம் லீடர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

"கேட்டா இன்னாடி? அவங்க என்ன ஓசூர் ரோட்டுல நின்னு ஒட்டுக் கேக்கறாங்களா?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கிலிதான் வந்தது. அந்த வாரம் முழுக்க ஏதோ ஒரு டாக்டரின் குரலுக்குப் பின்னால் அந்தக் கரகரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. கல் கிடைத்ததா இல்லையா? ஜோகுபாளையத்தில் நான் வாடகைக்கு இருந்த அறையில் துணி துவைக்கும்போதும் அதே கேள்விதான்.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. அது அம்மா.

சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். கல் தூசி நெஞ்சில் படிந்து, இருமி இருமி அப்பா, எங்கள் பேச்சில் நைனா, போய்ச் சேர்ந்து அப்போது வருஷம் திரும்பியிருந்தது. லைனில் பாதி வீடுகள் காலி. பிழைப்புக்காகப் பெங்களூருக்குப் போனவர்கள் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வந்தால் உண்டு. அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்ததே, சனிக்கிழமை ரயிலில் போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பிணத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கூப்பிட்டால் வரமாட்டாள்.

"நான் வந்துட்டா உங்க நைனாவுக்கு யாரு தண்ணி காய வெப்பா?" என்பாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நைனா முதல் ஷிஃப்ட் முடிந்து வரும் மத்தியான நேரத்துக்கு, குளிக்க அண்டா நிறைய வெந்நீர் காய வைப்பது அவள் வழக்கம். சுரங்கத்தில் சங்கு ஊதினதும் சோப்பும் துண்டும் துவைக்கும் கல்லுக்கு வந்துவிடும். நைனா போனார், சங்கும் நின்றது. ஆனால் அதே நேரத்துக்கு அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கல்லின்மேல் சோப்பு, துண்டு. ஆறிப்போன பிறகு வாழைக்கு ஊற்றுவாள். முதல் தடவை பார்த்தபோது பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சனிக்கிழமை அந்தச் சோப்பு ஈரமாக இருந்தது. அம்மாதான் கை கழுவியிருப்பாள். நான் கேட்கவில்லை.

கிழவியின் கதையை அம்மாவிடம் சொன்னது வேறு பேச்சு ஓடாததால்தான். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். அந்த ஜனங்களில் யாராவது செத்தால், குடும்பமே அந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிடும், கிளையை ஒடித்துச் செத்தவரின் காலடித் தடத்தைக் கூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"அடப்பாவிங்களா, செத்தவர வுட்டுட்டா ஓடிடுவாங்க?"

"ஓடறது இல்லம்மா. அவர நிம்மதியா போவ வுடறாங்க. அப்புறம் திரும்பி வருவாங்க."

"எப்போ?"

"குடும்பத்துல பெரியவங்க சரின்னு சொன்னா."

அம்மா விறகைப் பின்னுக்கு இழுத்தாள். அன்றைக்கு வெந்நீரை வாழைக்கு ஊற்றப் போனவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். ஆவியெல்லாம் அடங்கிவிட்டது. திரும்பி வந்து, "நம்ம வீட்ல பெரியவங்க யாரு?" என்றாள்.

"நீதாம்மா."

"அப்ப நான் சொல்றப்போ வந்துடலாம்ல?"

"வந்துடலாம்" என்றேன். வருஷம் முழுக்கக் கெஞ்சியும் மசியாதவள், தானாகவே இப்படிக் கேட்டாள்.

சாமான் வண்டி வந்த அன்று அம்மா கொல்லைப்புறம் போய் அம்மியைக் கவிழ்த்தாள். ஒருத்தியாகக் கவிழ்க்கிற கனமில்லை அது. நான் கை கொடுக்கப் போனதற்கு, "நீ தொடாத" என்று அதட்டினாள். மூச்சு வாங்க வாங்க விளிம்பைப் பிடித்து நிமிர்த்தி, முகம் மண்ணில் படியும்படி சாய்த்தாள். குழவியைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்து வாசலிலிருந்து தெருவரைக்கும் பின்னோக்கி நடந்தபடி கூட்டிக்கொண்டு வந்து, வண்டியில் ஏறினாள். வண்டிக்காரன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் சிரிக்கவில்லை.

ஜோகுபாளையத்தில் அவள் ஒருநாளும் அந்த நேரத்துக்குத் தண்ணீர் காய வைக்கவில்லை. ஆனால் மத்தியானம் அந்த வேளை வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரம்மா பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், குடும்பம் சம்மதித்துவிட்டது, கிழவியின் குரலை இனிக் கேட்கலாம் என்று தகவல் வந்தது. பெடலை மிதித்தேன். அதே காற்று, அதே கரகரப்பு. செத்துப்போன பெண் ஒருத்தி என் காதுக்குள் சாவகாசமாகச் சிரித்தாள். கல் அங்கேயேதான் இருந்ததாம். பாதி மணலில் புதைந்து, கவிழ்த்தது கவிழ்த்தபடி. கூட வந்த தங்கை அதை நிமிர்த்தப் போனாளாம். இவள் கையைத் தட்டிவிட்டாளாம். அது அம்மா வைத்தது, அம்மா வந்துதான் எடுக்க வேண்டும். நாங்கள் வேறு கல் தேடிக்கொண்டோம் என்றாள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "வெவரமான கெழவி. வெச்சவங்கதான் எடுக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். போகலாமா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

திரும்பிப் போகலாம் என்று அவள் கடைசிவரை சொல்லவே இல்லை. பிறகு ஒருநாள் மத்தியானம், சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த வேளையில், சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். வீட்டுக்காரம்மாதான் ஆபீசுக்கு போன் பண்ணினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து நான் மட்டும் ரயிலேறித் தங்கவயலுக்குப் போனேன். எங்கள் வீட்டின் கூரைத் தகரத்தையும் கதவையும் யாரோ கழற்றியிருந்தார்கள். வாழை பட்டுப்போயிருந்தது. கொல்லையில் முள்செடி மண்டிக் கிடந்தது. அதை விலக்கினால், அம்மி கவிழ்ந்தபடி இருந்தது. குழவியைத் திருடியிருந்தார்கள். அம்மியைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டார்கள் போல.

குனிந்து விளிம்பைப் பிடித்துவிட்டேன். அதன் அடியில் அம்மா அரைத்த தேய்மானம் இருக்கும். ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்தால் போதும் என்று ஆசையாக இருந்தது. "நீ தொடாத" என்று அவள் அதட்டியது அத்தனை பக்கத்தில் கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முதல் ஷிஃப்ட் முடிகிற நேரம்வரை இருந்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.