லிட்டருக்குப் பதினாறு

நாரணாபுரத்தில் சங்கிலிமுத்து வீடு எது என்று விசாரித்தால் பாதிப் பேர் கையை விரிப்பார்கள். 'மைலேஜ் முத்து' என்று கேட்டால் கையோடு கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அவருடைய கதையில் எந்த இடத்தில் பிழை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் திருத்துவதற்கு வழி இல்லை.

முத்து அண்ணன் இருபத்தைந்து வருடம் ஒரே பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். மற்ற டிரைவர்கள் லிட்டர் டீசலுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் இவர் பன்னிரண்டரை ஓட்டுவார். அதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. அந்தக் கம்பெனியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. சைலன்சரிலிருந்து ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் டிரைவர்கள் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டு உள்ளே கொண்டுபோவார்கள். மற்றவர்கள் கேட்டுக்கு முன்னால் அணைத்ததை முத்து அண்ணன் எங்கேயோ தள்ளி, கருவேலமரத்து வளைவிலேயே அணைத்தார். போகப்போக, சாலை எங்கெல்லாம் இறங்குகிறதோ அங்கெல்லாம் அணைத்தார். முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வேன் சத்தமே இல்லாமல் வந்து நிற்பதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

மனிதர் சாது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். அவர் மனைவி மாடத்தி பதினெட்டு வருடம் சரவெடி பின்னினாள், நெஞ்சுச்சளி முற்றி இருமல் நிற்காமல் போன பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தாள். மகள் இசைவாணி ஒருத்திதான். "எம் மக என் வேன்ல ஏறவே கூடாது. அவ ஏறுனா அன்னையோட நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்" என்பார். யாரும் கேட்காமலேயே சொல்வார். சொன்னபடியே அவளை மதுரையில் நர்சிங் படிக்க வைத்தார். இதெல்லாம் நடந்தபோது அவள் இரண்டாம் வருடத்தில் இருந்தாள்.

போன சித்திரையில் கம்பெனி முதலாளி சீனிவாசகம் வேன்களை எல்லாம் விற்றுவிட்டார். ஆள் ஏற்றுகிற வேலையை வெளி ஆளிடம் கொடுத்தார். டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முத்து அண்ணன் மட்டும் நின்றார். காரணம், முதலாளி மகன் சூர்யபிரகாஷின் கார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவப்பு நிறம். ரெண்டே சீட். கூரை மடங்கிப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். வெளிநாட்டுச் சரக்கு, கோயம்புத்தூரில் யாரிடமோ பழையதாக வாங்கியது. உயரம் என்னவோ என் இடுப்பளவுதான், ஏறுவதற்குப் பதிலாக உள்ளே இறங்க வேண்டும். பையன் மதுரையில் பட்டாசுப் பெட்டிக்கு டிசைன் போடுகிற ஆபீஸ் ஒன்று திறந்திருந்தான். தினமும் சிவகாசியிலிருந்து விருதுநகர், அங்கிருந்து நாலுவழிச்சாலையில் மதுரை, சாயங்காலம் அதேபோலத் திரும்புதல். அவன் மிதித்த மிதியில் கார் லிட்டருக்கு எட்டு கொடுத்தது.

சீனிவாசகம் கையில் கோடிகள் இருக்கலாம், ஆனால் ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குத் தூக்கம் வராது. லிட்டருக்கு எட்டு என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு நோய். முத்து அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏலே முத்து, இனிமே இந்த வண்டியை நீ ஓட்டு. அவன் பக்கத்துல உக்காந்து வரட்டும். தீபாவளி வரைக்கும் பாப்பேன். லிட்டருக்குப் பதினஞ்சு குடுத்தா வண்டியும் இருக்கும், நீயும் இருப்ப. குடுக்கலையா, வண்டியை வித்துட்டு அவனை பஸ்ல அனுப்பிருவேன்."

"குடுக்க வச்சிரலாம் அண்ணாச்சி" என்றார் முத்து அண்ணன். ஐம்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் நிற்பது? மகளுக்கு இன்னும் ரெண்டு வருடம் படிப்பு இருந்தது. கார் நின்றால் அவர் வேலை நிற்கும், வேலை நின்றால் அவள் படிப்பு நிற்கும்.

முதல் மாதம் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. நாலுவழிச்சாலையில் அந்தச் சிவப்புக் கார் அறுபதில் போகும். வைக்கோல் லாரி முந்தும். ஆம்னி பஸ் ஹாரன் அடித்து விரட்டும். ஒரு நாள் கோழி வண்டிக்காரன் பக்கத்தில் வந்து, "என்ன அண்ணே, ரிப்பேரா?" என்று கேட்டிருக்கிறான். ஏ.சி. போடக் கூடாது, கூரையைத் திறக்கக் கூடாது, காற்று தடுக்குமாம். சூர்யபிரகாஷ் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

"முத்துண்ணே, இதுக்கு நான் மாட்டுவண்டி வாங்கியிருக்கலாம்."

"பொறுங்க தம்பி. வண்டி நம்மகிட்ட நிக்கணுமா வேண்டாமா?"

பெட்ரோல் பங்க்கில் வாய்வரை நிரப்பி, ஓடின தூரத்தை மறுபடி நிரப்பின லிட்டரால் வகுத்துப் பார்ப்பார்கள். பதிமூன்று வந்தது. எவ்வளவு தலைகீழாக நின்றாலும் பதிமூன்றைத் தாண்டவில்லை. ஆடி பிறந்துவிட்டது.

அப்போதுதான் அவர் வேனில் செய்த பழைய வித்தையை எடுத்தார். அந்தச் சாலையில் ஊருக்கு ஊர் மேம்பாலம் உண்டு. ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏற்றுவார். உச்சியைத் தொட்டதும் கியரை எடுத்துவிட்டு இன்ஜினை அணைத்துவிடுவார். கார் இறக்கத்தில் உருண்டு, சமதரையிலும் வெகுதூரம் போகும். வேகம் குறைந்ததும் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் முழித்துக்கொள்ளும். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஸ்டியரிங் கல் மாதிரி இறுகும், அது அவருக்குப் பழக்கம். முதல் நாள் பயந்து கத்திய சூர்யபிரகாஷ் நாலாம் நாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டான். பாலத்து உச்சி வந்ததும், "இப்ப அணைங்கண்ணே, இப்ப!" என்று அவனே குரல் கொடுப்பான். எவ்வளவு தூரம் உருண்டது என்று பார்த்துக் கை தட்டுவான்.

பதினைந்து வந்தது. ஆவணியில் பதினாறும் வந்தது. சீனிவாசகம் நாலு முதலாளிகள் கூடிய கல்யாணத்தில் முத்து அண்ணன் தோளில் கை போட்டு, "இவன் பச்சத்தண்ணியை ஊத்துனாலும் வண்டி ஓட்டுவான்" என்றார்.

முத்து அண்ணனுக்கு வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் அதற்கு முன்னால் வந்ததில்லை. மாடத்தி தினமும் ஒரு தூக்குச்சட்டியில் மகளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். ஒரு பை வைத்தாலே நிரம்பிவிடும் அந்தக் காரின் டிக்கியில் சட்டி மதுரைக்குப் போகும். சூர்யபிரகாஷை ஆபீசில் இறக்கிவிட்டு, அண்ணன் கல்லூரி வாசலில் போய் நிற்பார். ஒரு நாள் இசைவாணியின் தோழிகள் காரைச் சுற்றிக்கொண்டு, "உங்கப்பா காராடி?" என்று கேட்க, அவள் கொஞ்சமும் கூசாமல், "எங்கப்பா ஓட்டுற காரு" என்றாளாம். இதை அவர் என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

புரட்டாசி தொடக்கத்தில், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் நீலமாகப் புகை தெரிந்தது. எண்ணெய் கருகும் வாடை வந்தது. முத்து அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் என்ன சொல்வார்கள் என்று பயம். அணைக்காமல் ஓட்டு என்பார்கள், மறுபடி பதிமூன்று வரும். தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுவரை ஓட்டிவிட்டால் முதலாளி வாக்கு மாற மாட்டார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டினார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு காலையில் கள்ளிக்குடி தாண்டி ஒரு பாலத்தில் ஏறும்போது இன்ஜினுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. கார் நின்றது. கயிறு கட்டி மதுரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். சீனிவாசகமும் வந்து சேர்ந்தார்.

மெக்கானிக் இன்ஜினிலிருந்து நத்தைக்கூடு போன்ற ஒரு இரும்புச் சாமானைக் கழற்றி மேசையில் வைத்தான். உள்ளே எல்லாம் கரி.

"இதுதான் டர்போ, இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி ஊதுற சாமான். ஏத்தத்துல மிதிச்சா இது கொள்ளிக்கட்டை மாதிரி காயும். இன்ஜின் ஓடுனாத்தான் இதுக்கு எண்ணெய் போகும். காஞ்ச நேரம் பாத்து பட்டுனு அணைச்சா எண்ணெய் அங்கனயே கருகிரும். ஒரு நா ரெண்டு நா இல்ல, மாசக்கணக்கா அணைச்சிருக்காக. உடைஞ்ச தூளு இன்ஜினுக்குள்ளயும் போயிருச்சு. யாருங்க இப்படி ஓட்டுனது?"

பழைய டீசல் வேனில் டர்போ கிடையாது. இருபத்தைந்து வருடம் அணைத்து அணைத்து ஓட்டியவருக்கு, அணைத்தால் ஒரு இன்ஜின் சாகும் என்று எப்படித் தெரியும்? யார் சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முத்து அண்ணன் சூர்யபிரகாஷைப் பார்த்தார். அவன் சொன்னால் போதும், 'நானும்தான்ப்பா அணைக்கச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"பழைய வேன் பழக்கத்துல செஞ்சுபுட்டேன் அண்ணாச்சி" என்றார் இவர்.

சீனிவாசகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மைலேஜ் கேட்டது நாந்தானப்பா. உன்னை என்ன சொல்ல?" என்றார். அந்தக் கரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆனா வண்டியே இல்லாம டிரைவர் எதுக்கு முத்து?" என்றார்.

கார் அங்கேயே உடைக்கிற விலைக்குப் போனது. சூர்யபிரகாஷ் அடுத்த மாதமே வேறு ஒரு கார் வாங்கினான், கரண்டில் ஓடுவதாம், அதை அவனே ஓட்டுகிறான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மைலேஜுக்குப் பேர் வாங்கினவர் என்பதாலேயே செய்தி சீக்கிரம் பரவியது. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் லோடு வண்டிக்கு ஆள் கேட்டார்கள் என்று போனார். "முதலாளி காரை அணைச்சே கொன்ன ஆளா நீங்க?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். காரியாபட்டியில் ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்குக் கேட்டார், அங்கே வயது அதிகம் என்றார்கள். வீட்டுக்கு வந்து வேட்டியைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பேச்சுக் கொடுத்தால், "தெரியலையே தம்பி. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதுவே தப்பாப் போச்சே" என்பார்.

மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் வந்த தூக்குச்சட்டி வராமல் போனது அவளுக்குத் தெரியாதா? தீபாவளி லீவுக்கு வந்தவள் பெட்டி, பாய், புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதைப் பார்த்தாள். திரும்பிப் போகவில்லை.

"ஒரு வருசந்தான்ப்பா. அடுத்த வருசம் போயிக்கிடுதேன்."

"யாரு திரும்பிப் போயிருக்கா? இந்தத் தெருவுல ஒருத்தியைக் காட்டு."

அவளால் யாரையும் காட்ட முடியவில்லை. அன்றைக்கு அவர் வாய்விட்டு அழுதது என் வீடுவரை கேட்டது.

தீபாவளிக்குப் பிறகு மூடிக் கிடந்த கம்பெனிகள் கார்த்திகையில் திறக்கத் தொடங்கின. கம்பெனிகளுக்கு வேன் விட்டு ஆள் அனுப்புகிற பாலகுரு வீடு தேடி வந்தான்.

"அண்ணே, எங்கிட்ட டிரைவர் சீட் ஒண்ணு இருக்கு. உங்களுக்குத்தான். ஆனா ஆளு கிடைக்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். எங்கிட்ட ஓட்டுறவுக எல்லாம் வீட்டுலருந்து ஒரு ஆளாவது கூட்டியாருவாக. அதான் வழக்கம். பாப்பா சும்மாதான இருக்கு?"

முத்து அண்ணன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். மாடத்தி உள்ளேயிருந்து இருமினாள். இசைவாணிதான், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்ண்ணே?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் பாலகுருவே வேனை ஓட்டி வந்து எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினான். இசைவாணி தலையை இறுக்கிப் பின்னி, மாடத்தியின் பழைய தூக்குச்சட்டியோடு வந்து ஏறினாள். முத்து அண்ணன் கீழேயே நின்றார். ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர். உள்ளே இருந்த பெண்களுக்கும் அது தெரியும். "ஏறுங்கப்பா, நேரமாகுது" என்றாள் மகள். அவர் ஏறி உட்கார்ந்தார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சங்கையா ஒவ்வொருவரிடமும் போனை வாங்கிப் பெட்டியில் போட்டார். இசைவாணி முறை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் அன்று சாயங்காலம் என் மனைவியிடம் இதைச் சொன்னாள்.

"புது ஆளா? யாரு உன்னைக் கூட்டியாந்தது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூட்டியாந்த ஆளு பேரு இல்லாம உள்ள விட முடியாது தாயி. கமிஷன் யாருக்குப் போடுறது? சொல்லு."

டிரைவர் சீட்டிலிருந்து, "சங்கிலிமுத்து" என்று ஒரு குரல் வந்தது.

"காது கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவர் சத்தமாகச் சொன்னார்.