விரதத்துக்கு ஆகும் பால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் இலங்கை மலைநாட்டில், அட்டன் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தோம். கடைக்கு மேலேயே வீடு. ஐந்து வயது மகளுக்குத் தொண்டையில் சதை வளர்ந்து அடிக்கடி காய்ச்சல் கண்டது. மயக்க மருந்து கொடுத்து அதை வெட்டி எடுத்துவிடலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். காலையில் வெறும் வயிறாகக் கொண்டுவரச் சொன்னார். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். அதைக் கேட்டபின் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முதல் நாளே பிஸ்கட் டின்னைத் துணிப்பெட்டிக்குள் ஒளித்தேன். வாழைப்பழங்களைக் கடைக்கு அனுப்பினேன். தண்ணீர்ச் செம்பையும் எட்டாத உயரத்தில் வைத்தேன். பிறகு, தண்ணீரும் கூடாதா, அதைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று தவித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தவள், கேட்டிருக்க வேண்டாமா?

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது மகளுக்கு அவள் அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பனியில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். கண் விழித்ததும் பசி என்று வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை, காலை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"பசிக்குதாம்மா?" என்றேன்.

"இல்ல. அப்பாதான் பால் குடுத்தாங்களே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"என்னங்க இது? வெறும் வயிறுன்னு சொன்னாங்கல்ல?"

"வெறும் வயிறுதான். சோறா குடுத்தேன்? பால்தானே. சஷ்டிக்கு நீ பால் குடிச்சிட்டுத்தானே பட்டினி கெடக்குற?"

எங்கள் வீட்டில் பால் விரதத்தைக் கெடுக்காது. அவர் அந்தக் கணக்கில்தான் கொடுத்திருக்கிறார்.

"சொல்லிராத. திட்டுவாரு. அரை டம்ளர்தான், இந்நேரம் செரிச்சிருக்கும்" என்றார்.

செரித்திருக்குமா? ஒருவேளை செரித்திருந்தால், சொல்லி நாள் வீணாகுமே. செரிக்காமல் இருந்தால்? மகளை அவர் மடியில் உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அறையிலிருந்து வெளியே வந்து மகளின் வயிற்றில் கைவைத்தார்.

"வெறும் தண்ணியெண்டால் சின்னப் பிள்ளையளுக்குக் கெதியாப் போயிடும். பால் அப்பிடி இல்ல. உள்ள போய்த் திரைஞ்சு கட்டியாகும், சாப்பாடு மாதிரித்தான். இண்டைக்கு வேண்டாம். நாளைக்கு வாங்கோ."

"விரதத்துக்குப் பால் சேருமுங்களே ஐயா" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"முருகனுக்குச் சேரும். மயக்க மருந்துக்குச் சேராது."

இந்த முறை நான் விடவில்லை. தண்ணீர் கொடுக்கலாமா, சாயத்தண்ணி கொடுக்கலாமா, சீனி போடலாமா என்று எல்லாவற்றையும் கேட்டேன். சாயத்தண்ணி பால் விடாத தேயிலைத் தண்ணிதானே, விடியற்காலையில் கொஞ்சம் கொடுக்கலாம், அதற்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்றார்.

மறுநாள் இருட்டோடு எழுந்து சாயத்தண்ணி ஆற்றிக் கொடுத்தேன். "பால் எங்க?" என்று முகத்தைச் சுளித்தபடியே குடித்தாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் அவளை மாறி மாறிக் காவல் காத்தோம். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது அவர் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மூச்சு சீராக வந்தது. மயக்கம் தெளிகையில் ஒரு முறை ஓங்கரித்தாள், எச்சில்தான் வந்தது. மதியத்துக்குமேல் கண்ணைத் திறந்து, சத்தமே வராத தொண்டையால் "பால்" என்றாள்.

அவர் வீட்டுக்கு ஓடிப்போய், காய்ச்சி ஆறவைத்த பாலோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குடுக்கலாமான்னு கேட்டுட்டு வா" என்றார்.

ஆறின பால் கொடுக்கலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருந்தாலும் நான் எழுந்து, இன்னொரு தடவை கேட்கப் போனேன்.